பன்னிரண்டு நிமிடத் தாமதம்

நான்கு மணிக்கு வரச் சொன்னார்கள், இப்போது நான்கு மூன்று. மூன்று நிமிடமெல்லாம் ஒரு தாமதமா என்று கேட்பவர்கள், முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக உட்கார்ந்து எழுந்தவனின் வயிற்றெரிச்சல் தெரியாதவர்கள். உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது, அதற்கு மேல் மின்விசிறிச் சத்தம், நடுவில் கவுன்சிலிங் கொடுக்கிற ஹசீனா மேடத்தின் குரல், என்ன சொல்கிறார் என்று புரியாது, ஆனால் அவசரமில்லாத குரல் என்பது மட்டும் தெரியும். எனக்கு முன்னால் வந்தவரின் துக்கம் என் நேரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது, தின்னட்டும். மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். இந்த ஓரத்தில் நான், அந்த ஓரத்தில் என் மகள் சுகந்தி, நடு நாற்காலியில் அவளுடைய கைப்பை. கைப்பையை அவள் வைக்கவில்லை, நான்தான் அவள் மடியிலிருந்து நழுவியதை எடுத்து அங்கே வைத்தேன், வைத்த பிறகுதான் வேலி போட்டதுபோல் வசதியாக இருப்பது தெரிந்தது. போன வாரம் மேடம் சொன்னார், அடுத்த தடவை உங்க மகளையும் உள்ள கூப்பிடலாமா சார், நீங்க சரின்னா மட்டும்தான், கதவு திறக்கும்போது சொன்னாப் போதும் என்று. ஏழு நாள் கொடுத்தார்கள் யோசிக்க. ஏழு நாளும் யோசிக்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், அந்தக் கதவு திறக்கிற வரைக்கும்தான் எனக்கு டயம், அது எத்தனை நிமிடம் என்று எந்த அட்டவணையிலும் இல்லை.

கூப்பிடவே மாட்டேன் என்றுதான் இருக்கிறேன். எதற்குக் கூப்பிட வேண்டும். அவள் என் பெண்ணில்லையா, ஒரே பெண்ணில்லையா, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக்கூடக் கழற்றாமல் டைம் ஆபீசுக்கு ஓடி வந்து என் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து மைக்கில் பஸ் பேர் சொல்லப் பார்த்தவள். அவள்தான் ஏழு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாள். மார்ச் மாதக் கடைசியில், ஆஸ்பத்திரி வராந்தாவில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள், அப்பா, அம்மாவுக்குக் கேன்சர்ப்பா, செப்டம்பர்லயே தெரியும்ப்பா, உங்களுக்கு ஹார்ட்டுன்னு அம்மாதான் சொல்லக் கூடாதுன்னாங்க, என் பாப்பா தலையில கை வச்சு சத்தியம் வாங்கிட்டாங்கப்பா. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதை இறுக்கி மூடினேன், முதலில் அதைத்தான் செய்தேன். அதிலிருந்து மூன்றாம் நாள் இந்திராணி போய்விட்டாள். ஏழு மாத நோய்க்கு எனக்குக் கொடுத்தது மூன்று நாள், அதிலும் அவள் கண் திறந்தது ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளில் அவளிடம் என்ன பேசினேன் தெரியுமா, சாப்டியா என்று கேட்டேன். மூக்கில் குழாய் வைத்திருந்தவளைப் பார்த்து. பேச ஒத்திகை பார்க்கவாவது விட்டார்களா என்னை. மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், இந்திராணியின் தம்பிக்குத் தெரியும், எதிர்வீட்டு டீச்சருக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் அவளோடு ஒரே கட்டிலில் படுத்த நான். இதற்குத் துரோகம் என்றுதான் பெயர், அன்பு என்று சொல்லாதீர்கள், சொன்னால் எனக்குக் கோபம் வரும். சுகந்தியிடம் அதற்கப்புறம் நான் பேசியதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடலாம். ம். வேண்டாம். வை. போ. வியாழக்கிழமைதோறும் தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள், என்னைக் கூட்டிக்கொண்டு இங்கே வருகிறாள், வெளியே உட்கார்கிறாள், வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் இந்த இதயம். இரண்டு வருடத்துக்கு முன் இதில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள், அன்றைக்கு இதற்குக் கிடைத்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. வீட்டில் இது பெரிய மனிதர் மாதிரி இருந்தது. குக்கர் விசில் அதிகமாக வந்தால் இதற்கு ஆகாது, கிரிக்கெட் பார்த்தால் ஆகாது, சம்பந்தி வீட்டுச் சண்டையைக் காதில் போட்டால் ஆகாது. கடைசியில் பெண்டாட்டி சாகப்போகிறாள் என்ற சேதியும் இதற்கு ஆகாது என்று முடிவெடுத்துவிட்டார்கள். அதனால்தான் மாத்திரையை நிறுத்தினேன். வேறென்ன செய்வது, யாரை அடிப்பது. காலை இரண்டு, ராத்திரி மூன்று, அத்தனையையும் இந்திராணியின் கோலப்பொடி டப்பாவில் போட்டுக்கொண்டே வந்தேன். உனக்காகத்தானே, படு, எப்படித் துடிக்கிறாய் பார்ப்போம் என்று. மே மாதம் ஓய்வு பெற்ற அன்று மாலையோடு வீட்டுக்கு வந்து, அந்த மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன், சுகந்தி வாசல் பெருக்கிவிட்டுக் கோலப்பொடி டப்பாவைத் திறந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். டப்பாவை மூடித் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். மறுநாள் ஹார்ட் டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் என்னைத் திட்டிவிட்டு ஒரு சீட்டில் இந்த விலாசத்தை எழுதிக் கொடுத்தார். எனக்கென்ன பைத்தியமா என்றேன். பைத்தியத்துக்கு இல்ல சார், பேசறதுக்கு என்றார். பேசுவதற்கு டாக்டர் சீட்டு எழுதுவார் என்று நான் கண்டதில்லை.

நான்கு எட்டு. முதல் தடவை வந்தபோது அறிவுரை வாங்கத் தயாராகத்தான் வந்தேன். துக்க வீட்டில் பதினாறு நாளும் அதைத்தானே வாங்கினேன். மனசைத் தேத்திக்கங்க. பேத்தியைப் பார்த்து மறங்க. நம்ம கையில என்ன இருக்கு. எல்லாவற்றையும்விட அந்த ஒன்று, பூவும் பொட்டுமா போயிட்டா, கொடுத்து வச்சவ. மொட்டைத் தலையில் பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாலையைத் தலைமாட்டில் வைத்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டே கொடுத்து வைத்தவள் என்றார்கள். ஹசீனா மேடத்துக்கு நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், சின்ன அறை, மேசையில் ஒரு தண்ணீர் ஜாடி, கடிகாரத்தை எனக்கு முதுகுப்புறம் மாட்டி வைத்திருக்கிறார், நான் முதல் வேலையாகத் திரும்பிப் பார்த்தேன், இரண்டு நிமிடம் வேகம், சொன்னேன். அப்படியா, சரி பண்றேன் சார் என்று நாற்காலியில் ஏறிச் சரிசெய்தார். அப்புறம் உட்கார்ந்து, உங்க வீட்டம்மா பேர் என்ன சார் என்றார். சொன்னேன். அதற்கப்புறம் நாற்பது நிமிடம் நான் ஒன்றும் பேசவில்லை, அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை சொல்லிவிட்டேன், எல்லாருமா சேர்ந்து என்னை ஏமாத்திட்டாங்க மேடம் என்று. உடனே, அப்படிச் சொல்லாதீங்க, உங்க நல்லதுக்குத்தானே என்பார் என்று காத்திருந்தேன், அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தேன். அவர், ஆமா சார், ஏமாத்தித்தான் இருக்காங்க என்றார். வைத்திருந்த பதிலுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. அந்த நாற்காலியில்தான் முதன்முதலாக அழுதேன், சுடுகாட்டில்கூட அழாதவன். மூன்றாவது தடவை, ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமையைப் பத்திச் சொல்லுங்க சார், காலையிலேர்ந்து என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமையைத் தொட்டால் எல்லாம் வரும். மொட்டை வரும், உப்பு வரும், சவரிராஜ் வருவான். வேறு கிழமை கேளுங்க மேடம் என்றேன்.

மொட்டையை மட்டும் சொன்னேன். மார்கழி மாதம், வெடவெடக்கிற குளிரில், சமயபுரத்தில் முடி கொடுக்க வேண்டும் என்று நின்றாள். உங்க ஆபரேஷனப்ப வேண்டிக்கிட்டேங்க, ஆத்தாவ ரொம்ப நாள் காக்க வச்சுட்டேன் என்றாள். ஐம்பத்தாறு வயதிலும் இடுப்புவரை தொங்குகிற முடி. எனக்காகவா என்றேன், பின்ன பக்கத்து வீட்டுக்காரருக்கா என்றாள். அவள் உட்கார்ந்து தலை குனிந்தபோது நான் எதிரே நின்று பார்த்தேன், கீழே விழுந்த முடியைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிமிர்ந்தது. சந்தனத்தை நானே குழைத்து அவள் தலையில் பூசினேன். குளுகுளுன்னு இருக்குங்க என்று கண்ணை மூடிக்கொண்டாள், கண்ணோரம் தண்ணீர் வந்தது, பக்தி என்று நினைத்தேன். மறுநாள் டைம் ஆபீசில் ஒரு டிரைவர் கண்டக்டர் பாக்கியில்லாமல் சொன்னேன், என் பெண்டாட்டி எனக்காக முடி கொடுத்தாள்யா, உங்க வீட்ல கொடுப்பாங்களா என்று. டீ வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் என் மொட்டச்சி, என் மொட்டச்சி என்று கொஞ்சினேன். அந்தக் கேன்சர் மருந்து ஏற்றினால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், அதற்கு முந்திக்கொண்டு மழித்துவிட்டாள், அவ்வளவுதான் விஷயம். என் இதயத்துக்கும் அந்த முடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இல்லையா, இருந்ததா. உண்மையிலேயே வேண்டிக்கொண்டிருந்தாளா. இரண்டும் ஒன்றாக அமைந்ததா. கேட்க வேண்டிய ஆளை எரித்தாயிற்று. சுகந்திக்குத் தெரிந்திருக்கலாம். அவளிடம் எப்படிக் கேட்பது. கேட்டு, அவள் இல்லப்பா என்று சொல்லிவிட்டால், நான் வாங்கிக் கொடுத்த டீயை எல்லாம் என்ன செய்வது.

நான்கு பதினொன்று. உள்ளே சிரிக்கிறார்கள், அழுதவர்தான் சிரிக்கிறார் போல. உப்பு. உப்பை மேடத்திடமும் சொல்லவில்லை. ஜனவரி இருபத்திரண்டு, அதற்கு முந்தின நாள் அவள் தஞ்சாவூர் போய்விட்டு வந்திருந்தாள். ரசத்தில் உப்பு வாயில் வைக்க முடியவில்லை. எனக்கு உப்பு ஆகாது என்று அளந்து போடுகிறவள். தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னேன், உப்ப அள்ளிப் போட்டு என்னக் கொல்லப் பாக்குறியா? ரசத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள், எனக்குத் தெரியலீங்க என்றாள். தெரியலையா, நாக்கு செத்துப்போச்சா என்றேன். செத்துத்தான் போயிருந்தது, அந்த மருந்தில் நாக்குக்கு ருசி போய்விடும் என்று அப்புறம் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். கொல்லப் பாக்குறியா. யாரைப் பார்த்து யார் கேட்டது. அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்கு உடம்பு சரியில்லை என்றாவது. விட்டுவிட்டாள். என்னைக் கத்தவிட்டாள். ஏழு மாதம் நான் நல்ல புருஷனாக இருந்திருப்பேன், கஞ்சி வைத்திருப்பேன், கால் அமுக்கியிருப்பேன், எனக்கும் வரும் அதெல்லாம், ஸ்டென்ட் வைத்தவனுக்கும் கை இருக்கிறது. அந்தச் சந்தர்ப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு என்னைக் கடைசிவரை உப்புக்குச் சண்டை போடுகிறவனாகவே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொல்லப் பாக்குறியா. பல் தேய்க்கும்போது வருகிறது, செருப்புப் போடும்போது வருகிறது, இதோ இந்த நாற்காலியிலும்.

இந்திராணியின் கருமாதி அன்று சவரிராஜ் வந்தான். தஞ்சாவூர் ரூட்டில் பத்து வருடமாக ஓட்டுகிறவன். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகும் போகாமல் நின்றான். அண்ணே, பிப்ரவரியில என்னைய ஒரு நாள் திட்டினீங்கள்ல என்றான். ஞாபகமில்லாமலா. பிப்ரவரி பதினொன்று, நான்கு பத்துக்கு வரவேண்டிய வண்டி நான்கு இருபத்திரண்டுக்கு வந்தது. பன்னிரண்டு நிமிடம். என்னய்யா காரணம் என்றதற்கு, செங்கிப்பட்டிகிட்ட டிராபிக்ண்ணே என்றான். உனக்குப் பின்னால் கிளம்பிய வண்டி உன்னை முந்திக்கொண்டு வந்திருக்கிறதே, அதற்கு மட்டும் ரோடு காலியா என்று பத்துப் பேர் முன்னால் கிழித்தேன், லேட் என்று எழுதினேன், விளக்கம் எழுதி வாங்கினேன். தலையைக் குனிந்து எழுதிக் கொடுத்தான். இந்திராணி அந்த வண்டியில்தான் இறங்கினாள், தூண் ஓரமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள், நான் கத்தி முடிக்கிற வரைக்கும் நின்று பார்த்தாள். இப்போது அவன் கையைப் பிசைந்துகொண்டு சொன்னான், செங்கிப்பட்டி தாண்டி அண்ணிக்கு முடியலண்ணே, நிறுத்தச் சொன்னாங்க, ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தியா எடுத்தாங்க, நாந்தான் தண்ணி ஊத்தினேன், பூக்கூடைக்காரம்மா ஒருத்தவங்க தலையப் புடிச்சுக்கிட்டாங்க, வண்டியில ஒரு சனம் முணுமுணுக்கலண்ணே, அவருக்கு ஹார்ட்டு தம்பி, சொல்லிராதீங்கன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. ஒரு பஸ்ஸே பார்த்திருக்கிறது. ஐம்பது பேருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் தலையைப் பிடிக்க வேண்டிய கை அந்த நேரத்தில் இருபது கிலோமீட்டர் தள்ளி பேனாவைப் பிடித்துக்கொண்டு, வண்டி எங்கே வண்டி எங்கே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சவரிராஜிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மோர் குடிச்சிட்டுப் போ என்றேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. மேடத்திடம் சொல்லலாம், சொன்னால் அவர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். முதுகுப்புறக் கடிகாரம் இரண்டு நிமிடம் வேகம் என்று கண்டுபிடித்தவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பாரா. டிசம்பர் பத்து, டிசம்பர் முப்பத்தொன்று, ஜனவரி இருபத்தொன்று, பிப்ரவரி பதினொன்று. மருந்து ஏற்றிக்கொள்ள இந்திராணி தஞ்சாவூர் போன செவ்வாய்க்கிழமைகள். சுகந்திக்கு ஆபீசில் மாதாந்திரக் கூட்டமாம், குழந்தையைப் பார்க்க ஆளில்லையாம். மாதாந்திரக் கூட்டம் இருபத்தொரு நாளைக்கு ஒரு தரம் வருமா. வராது. எனக்கு அது டிசம்பர் முப்பத்தொன்றிலேயே தெரியும். நாளை எண்ணுவது என் தொழில். எண்ணினேன், இருபத்தொன்று வந்தது, அடுத்த தடவையும் எண்ணினேன், அதே இருபத்தொன்று. மழித்த தலை இரண்டு மாதமாகியும் வளரவில்லை, பார்த்தேன். புடவைக் கொசுவம் அகலமாகிக்கொண்டே போனது, பார்த்தேன். முழங்கையில் ஊசித் தழும்பு, கொசுக்கடி என்றாள், சரி என்றேன். ஏன் சரி என்றேன். என்ன இந்திராணி, என்ன நடக்குது என்று கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்டால் சொல்லிவிடுவாளே என்ற பயம். ஊரெல்லாம் சேர்ந்து என்னை ஏமாற்றிய கணக்கில் என் பேரையும் எழுத வேண்டும், முதல் வரியில் எழுத வேண்டும், அதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் சுகந்தியை உள்ளே கூப்பிட மாட்டேன். அவள் முன்னால் மேடம் அதைக் கேட்டால், இந்தக் கோபத்தையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்கள், அப்புறம் எனக்கு என்ன மிச்சம்.

நான்கு பதினேழு. உள்ளே நாற்காலி நகர்கிறது, எழுந்துவிட்டார்கள். சுகந்தி கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, என் பக்கம் நீட்டுகிறாள். அவளும் இளைத்துத்தான் போயிருக்கிறாள், வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குகிறது, நான் அதையும் பார்த்திருக்கிறேன், அதையும் கேட்கவில்லை. பாட்டிலை வாங்கினேன். வாங்கிக்கொண்டே கேட்டுவிட்டேன், எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. “பிப்ரவரி பதினொண்ணு நீ பஸ்ஸுல கூட வந்தியா?” நான்கு மாதத்தில் நான் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம். திடுக்கிட்டுப் போனாள். “இல்லப்பா. ஒரு தடவையும் வரலப்பா. நான் கூட வந்து இறங்கினா நீங்க சந்தேகப்படுவீங்கன்னு அம்மா விடவே மாட்டாங்க. தஞ்சாவூர்ல ஜன்னல் சீட்டாப் பாத்து ஏத்தி விடுவேன். வீட்டுக்கு வந்ததும் போன் பண்ணுவாங்க. சொகுசாத் தூங்கிக்கிட்டே வந்துட்டேன்டி, உங்கப்பா எறக்கி விட்டாருன்னு சொல்வாங்க. அது ஒண்ணுதாம்ப்பா எனக்கு ஆறுதல், அந்த ஒன்றரை மணி நேரமாச்சும் அம்மா தூங்கினாங்களேன்னு.” நிறுத்தினாள். என் முகத்தையே பார்த்தாள். “ஏம்ப்பா? தூங்கிட்டுத்தான வந்தாங்க?”

இவளுக்கும் தெரியாது. இவளையும் ஏமாற்றியிருக்கிறாள் அந்த மொட்டச்சி. ரோட்டோரப் புழுதி, பூக்கூடைக்காரி, தண்ணீர் ஊற்றிய டிரைவர், ஒன்றும் தெரியாது என் பிள்ளைக்கு. என் வாய் தானாகத் திறந்தது, பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கேட்டேன். நான் தேடவில்லை, அதுவாகவே வந்து நின்றது. எதற்கு இந்தக் குழந்தையைப் போட்டு வதைப்பது, தூங்கினாள் என்றே இருக்கட்டும், தெரிந்து என்ன ஆகப்போகிறது, இவளுக்கு மனசு தாங்காது. தாங்காது. எத்தனை சுலபமாக வருகிறது. இந்திராணிக்கும் இப்படித்தான் வந்திருக்கும், செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள், நான் சட்டையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பும்போது, என்ன சொன்னாரு டாக்டர் என்று கேட்டபோது. ஒண்ணுமில்லீங்க.

“ஒண்ணு,” என்று ஆரம்பித்து நிறுத்தினேன். கதவு திறந்தது. முன்னால் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்க்காமல் போனார். ஹசீனா மேடம் கதவைப் பிடித்துக்கொண்டு, “ஸாரி சார், பத்தொம்பது நிமிஷம் லேட். தனியா வர்றீங்களா, ரெண்டு பேருமா?” என்றார். சுகந்தி பழக்கப்படி தலையைக் குனிந்து செல்போனை எடுத்தாள், வெளியே உட்கார்ந்தே பழகிவிட்டவள். நான் எழுந்து நடு நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

“தூங்கலம்மா,” என்றேன். “செங்கிப்பட்டி தாண்டி பஸ் நின்னுச்சு. பன்னெண்டு நிமிஷம். உள்ள வா, சொல்றேன்.”